பாட்டன் பேசிய ஆறு நிமிடம்

(இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் பாட்டனைப் பற்றிய ‘பாட்டன்’ என்ற ஆங்கிலப் படத்தைத் திரைப்படச் சங்கம் ஒன்றில் திரையிட்ட பிறகு ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே இந்த அரங்கில் கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் இருந்த நான் அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். குறை சொல்ல அல்ல, நானும்தான் தட்டினேன். மேடைப் பேச்சு கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து, ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, முதல் வாக்கியத்தை வீசினால் போதும், நமக்கு முதுகு நிமிர்ந்துவிடும். என்ன சொன்னார் என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசிப்போம்.

அந்தக் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். திரை முழுக்க அமெரிக்கக் கொடி. அடியிலிருந்து எறும்பு போல ஒரு மனிதர் ஏறி வருகிறார். சல்யூட் அடிக்கிறார். பதக்கங்கள், சவுக்கு, தந்தப் பிடி போட்ட கைத்துப்பாக்கி எல்லாவற்றையும் கேமரா துண்டுதுண்டாகக் காட்டுகிறது. பிறகு அவர் ஏறக்குறைய ஆறு நிமிடம் பேசுகிறார். யாரிடம் பேசுகிறார்? ஒரு சிப்பாயின் முகம்கூட நமக்குக் காட்டப்படவில்லை. சிப்பாய்களின் இடத்தில் இயக்குநர் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் நம்மை உட்கார வைத்துவிட்டார். கைதட்டிய நாம் அவருடைய படையில் சேர்ந்துவிட்டோம்.

இந்தத் தொடக்கம் அப்போது இருபதுகளில் இருந்த ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எழுதியது. 1944இல் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன்பு, இங்கிலாந்தில் தம்முடைய மூன்றாம் படையின் முன் ஜெனரல் ஜார்ஜ் பாட்டன் பேசிய பேச்சுகளிலிருந்து எடுக்கப்பட்டது. மூலப் பேச்சு கெட்ட வார்த்தைகளால் நிரம்பியது. சலவை செய்துதான் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் அவர் தலைக்கவசத்தில் நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. பாட்டனுக்கு நான்காவது நட்சத்திரம் 1945 ஏப்ரலில்தான் கிடைத்தது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஆறு நிமிடத்துக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. புராணத்தில் கடவுள் சர்வாலங்காரத்தோடு காட்சி கொடுப்பது போன்றது அது.

அடுத்த காட்சி அப்படியல்ல. 1943, துனீசியாவின் காசரீன் கணவாய். தோற்ற படையின் பிணங்கள், வட்டமிடும் கழுகுகள், செத்தவர்களின் உடைமைகளை உருவிக்கொண்டு போகும் ஏழைகள். நம்முடைய பரணிப் புலவர்கள் களத்துக்குப் பேய்களை அழைத்து வந்தார்கள், இங்கே கழுகுகள். ஆனால் பேச்சு முதலிலும் பிணம் பிறகும் வருகிறது. இதுவே மாறி வந்திருந்தால் நாம் கைதட்டியிருப்போமா?

படம் வெளிவந்தது 1970 பிப்ரவரியில். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். போர் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து ரசித்தார்கள். முதல் தரப்புக்கு அவர் வீரர். இரண்டாம் தரப்புக்கு, மறுபிறவியை நம்புகிற, போரைக் காதலிக்கிற பைத்தியக்காரர். ஜனாதிபதி நிக்சன் வெள்ளை மாளிகையில் இதை ஒருமுறைக்கு மேல் போட்டுப் பார்த்தார். கம்போடியாவுக்குள் படையை அனுப்புவதாக அவர் அறிவித்தது அதே ஆண்டு ஏப்ரல் 30. படத்தைப் பார்த்துத்தான் படையெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. எதைப் பார்த்துத் தெம்பு ஏற்றிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரு தரப்புக்கும் பிடித்ததால் இதை நடுநிலையான படம் என்று புகழ்வார்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருடைய குற்றங்களில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும்போதே தீர்ப்பு பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

படத்தில் பாட்டனின் பெரும் பாவம் எது? சிசிலித் தீவில், போர்க்கள மருத்துவமனையில், மனம் உடைந்து அழும் ஒரு சிப்பாயைக் கோழை என்று திட்டிக் கன்னத்தில் அறைகிறார். உண்மையில் அது ஒருமுறை நடந்ததல்ல. 1943 ஆகஸ்ட் 3 அன்று ஒருவரை, ஒரு வாரம் கழித்து இன்னொரு மருத்துவமனையில் மற்றொருவரை அடித்தார். முதலில் அடி வாங்கியவருக்கு மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இருந்ததாக மருத்துவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். படம் இரண்டு அறைகளையும் ஒன்றாக்கிவிட்டது. ஒருமுறை அடித்தால் கோபம். வாரத்துக்கு வாரம் அடித்தால் அதற்கு வேறு பெயர். பாட்டனின் மேலதிகாரி ஐசனோவர் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார். நவம்பரில் ட்ரூ பியர்சன் என்ற பத்திரிகையாளர் வானொலியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். வீரர் தலைகுனிகிறார், ஒதுக்கப்படுகிறார், பிறகு ஃபிரான்ஸில் சூறாவளியாகத் திரும்பி வருகிறார். கதைக்கு எவ்வளவு வாகான பாவம், பாருங்கள். கோபக்கார அப்பா அடித்துவிட்டு இரவில் வந்து தலையைத் தடவுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு மன்னிக்க எத்தனை நேரமாகும்?

அந்த முதல் அறைக்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 14 அன்று, அதே சிசிலியில் பிஸ்காரி விமானத்தளத்துக்கு அருகே, பாட்டனின் படையைச் சேர்ந்த ஒரு சார்ஜென்டும் ஒரு கேப்டனும் இரு வேறு இடங்களில், சரணடைந்த கைதிகளைக் கொன்றார்கள், கொல்லவும் வைத்தார்கள். இறந்தவர்கள் 70க்கும் மேல், பெரும்பாலும் இத்தாலியர்கள். செய்தியைப் பாட்டனிடம் கொண்டுபோனவர், அவருக்குக் கீழ் பணியாற்றிய ஜெனரல் ஓமர் பிராட்லி. மறைந்திருந்து சுட்டவர்கள் என்றோ தப்பியோட முயன்றவர்கள் என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள், பத்திரிகைக்காரர்கள் கூச்சல் போடுவார்கள் என்ற ரீதியில் தாம் சொன்னதைப் பாட்டனே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிராட்லி அதற்கு இணங்கவில்லை. இருவரும் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அங்கே கேப்டன் தரப்பில் வைத்த வாதம் என்ன தெரியுமா? சிசிலியில் இறங்குவதற்கு முன் ஜெனரல் எங்களிடம் பேசினார். அந்தப் பேச்சை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். கேப்டன் விடுதலையானார்.

பேச்சு, நண்பர்களே. மேடையில் நின்று பேசிய பேச்சு.

படத்தில் பிஸ்காரி இல்லை. அந்த நாட்குறிப்புகள் அச்சில் வந்தது 1974இல்தான் என்று படக்குழுவுக்காக வாதாடலாம். ஆனால் படத்தின் இராணுவ ஆலோசகர் யார்? அதே ஓமர் பிராட்லி. கார்ல் மால்டன் நடித்த, நிதானமே உருவான, பாட்டனின் மனசாட்சி போல வரும் பிராட்லி. திரைக்கதையின் ஆதாரங்களில் ஒன்று அவருடைய நினைவுக்குறிப்பு. அவருக்கே பெருமை சேர்க்கும் சம்பவம் திரையில் இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. மருமகன் இருந்த கைதிமுகாமை மீட்க, எதிரியின் எல்லைக்குள் ஹம்மல்பர்குக்குச் சுமார் 300 பேரை அனுப்பிச் சிதறவிட்டதும் படத்தில் இல்லை. வதைமுகாம்களில் தப்பிய யூத அகதிகளை விலங்கைவிடக் கேவலமாக நாட்குறிப்பில் எழுதியதும் இல்லை.

இத்தனை சொல்லியும் இந்தப் படத்தை என்னால் விட முடியவில்லை. காரணம், பாட்டனாக நடித்த ஜார்ஜ் சி. ஸ்காட். கவிதை சொல்லும்போதும், பண்டைய கார்த்தேஜ் நகரத்து வீரர்கள் மடிந்த பழைய களத்தில் நின்று நான் இங்கே இருந்தேன் என்று சொல்லும்போதும், நம்பிக்கையும் கிறுக்கும் ஒரே கண்ணில் தெரிகின்றன. ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் எதிரொலிக்கும் எக்காளம் அந்தக் கண்ணுக்குப் பின்னாலிருந்து வருவது போலவே கேட்கும். ஏழு ஆஸ்கர் வாங்கியது படம். சிறந்த நடிகருக்கானதை ஸ்காட் வேண்டாம் என்றார். நடிகர்களைப் போட்டிக்கு நிறுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. விழாவுக்கும் வரவில்லை. கொடிக்கு முன்னால் அப்படி முழங்கியவர் அந்த மேடையில் ஏற மறுத்தது எனக்குப் பிடித்த முரண்.

ஒரு சிறு கிளைக்கதை. 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது பத்திரிகைகளில் ‘பாட்டன் டாங்கி’ என்று படித்த சிறுவனாகிய நான், அது இந்த ஜெனரலின் பெயர் என்று தெரியாமல், யாரோ ஒருவருடைய பாட்டன் செய்த டாங்கி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சாபின் அசல் உத்தரில் நம் வீரர் அப்துல் ஹமீது குறிபார்த்தது பாகிஸ்தானிடம் இருந்த அந்த டாங்கிகளைத்தான். இந்தப் படத்திலும் அவை வருகின்றன, ஜெர்மானிய டாங்கிகளாக! பெரும்பகுதி ஸ்பெயினில் எடுத்த படம். அந்த நாட்டு இராணுவத்திடம் இருந்த பிற்கால அமெரிக்க டாங்கிகளுக்கு ஜெர்மன் சின்னம் வரைந்துவிட்டார்கள். திரையில் பாட்டன் அடித்து நொறுக்குவது பாட்டனைத்தான்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஸ்காட்டின் கரகரத்த குரல் உண்மையான பாட்டனுடையது அல்ல. அவருடைய குரல் மெல்லியது, கீச்சென்று உயர்ந்தது. பழைய செய்திப்படங்களில் பதிவாகியிருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். வீட்டுக்குப் போனதும் அதைக் கேளுங்கள். பிறகு இந்தப் படத்தின் முதல் ஆறு நிமிடத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஓட விடுங்கள். அந்தக் குரலை நீங்களே மனத்துக்குள் பொருத்திப் பாருங்கள். எந்த இடத்தில் கைதட்டத் தோன்றுகிறது என்று அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லுங்கள்.