மன்னிப்பது யார் உரிமை?

நேயர்களுக்கு வணக்கம். இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் என்றதும் பலருக்கும் கை வெட்டுவதும் தலை வெட்டுவதும்தான் ஞாபகம் வரும். செய்திகளில் அடிபடுவதும் அதுதான். இன்று நான் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கொலை செய்தவனை மன்னிக்கும் உரிமை யாருக்கு?

நமக்குப் பழகிய முறையில் கொலை வழக்கை நடத்துவது அரசு. இறந்தவரின் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், இறங்கிப் போவார். தண்டனை பற்றி முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இஸ்லாமியச் சட்டத்தில் கொலை கிஸாஸ் என்ற வகையில் வருகிறது. பழிக்குப் பழி கேட்கும் உரிமை வாரிசுகளுடையது. அவர்கள் உயிருக்கு உயிர் கேட்கலாம், தியத் என்கிற குருதிப் பணம் வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் வாங்காமல் மன்னித்தும் விடலாம். குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 178ஆம் வசனம் இந்த விட்டுக்கொடுத்தலை இறைவன் தந்த சலுகை என்கிறது. இரு குலங்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாக ஓடிய இரத்தத்தை நிறுத்தத் திறந்துவைத்த வாசல் அது. மறுபடியும் சொல்கிறேன், திறவுகோல் வாரிசின் கையில்.

தியத்தின் பழைய அளவு 100 ஒட்டகம். ஹனஃபி மத்ஹபில், அதாவது இமாம் அபூ ஹனீஃபாவின் வழி வந்த சட்டப் பள்ளியில், வெள்ளியாகக் கொடுத்தால் 10,000 திர்ஹம். பாகிஸ்தான் சட்டத்தில் குறைந்தபட்ச தியத் 30,630 கிராம் வெள்ளியின் விலை. அந்தப் பழைய திர்ஹம் கணக்குத்தான் கிராமாக மாறி உட்கார்ந்திருக்கிறது. வெள்ளி விலை ஏறி இறங்குவதால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் தேதிக்கான தொகையை அரசு அறிவிக்கிறது.

இந்த இடத்தில் 18ஆம் நூற்றாண்டு வங்காளத்துக்குக் கொஞ்சம் போய் வரவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு வந்த பிறகும் அங்கே குற்றவியல் நீதிமன்றங்களில் நடந்தது இஸ்லாமியச் சட்டம்தான். காஜி என்ற நீதிபதியும் முஃப்தி என்ற சட்ட அறிஞரும் உட்கார்ந்து ஃபத்வா, அதாவது சட்டக் கருத்து, கொடுப்பார்கள். இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்துப்படி, வெட்டவோ குத்தவோ கூடிய ஆயுதத்தால் கொன்றால்தான் வேண்டுமென்றே செய்த கொலை. தண்ணீரில் மூழ்கடித்தால், தடியால் அடித்துக் கொன்றால், கிஸாஸ் இல்லை, தியத்தான். நமக்கு விசித்திரமாகப் படும். ஆனால் காரணம் இருக்கிறது. எண்ணம் மனதுக்குள் இருப்பது, யாருக்கும் தெரியாது. வாளை எடுத்தவனுடைய எண்ணத்தை வாளே சொல்லிவிடும். தடிக்கு ஆயிரம் உபயோகம் உண்டு. உயிரை எடுக்கும் தண்டனை என்பதால் சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுத்தார். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் இதை ஏற்கவில்லை. சாதாரணமாக உயிர் போக்கக்கூடிய எதனால் கொன்றாலும் கொலைதான் என்றார்கள்.

1790இல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கைவைத்தது இங்கேதான். ஆயுதத்தைப் பார்க்காதே, எண்ணத்தைப் பார் என்று உத்தரவு. அதற்கு ஆதாரம் அந்த மாணவர்களின் கருத்திலேயே கிடைத்தது. ஆனால் வாரிசின் உரிமையைப் பறிக்க எந்த மத்ஹபிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வழி செய்தார்கள். வாரிசுகள் எல்லோரும் வந்து கிஸாஸ் கேட்டதாக வைத்துக்கொண்டு ஃபத்வா கொடுங்கள் என்று முஃப்தியிடம் சொல்லிவிட்டார்கள். வாரிசு வீட்டில் இருக்கிறார், அவர் குரல் மட்டும் காகிதத்தில் இருக்கிறது! 1862 ஜனவரியில் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் காகிதக் குரலும் போய்விட்டது.

பாகிஸ்தானில் அந்தக் குரல் 1990இல் கிஸாஸ், தியத் அவசரச் சட்டத்தோடு திரும்பி வந்தது. பல வாரிசுகளில் வயது வந்த ஒருவர் மன்னித்தாலே கிஸாஸ் விழுந்துவிடும். மன்னிக்காதவருக்குத் தியத்தில் அவர் பங்கு கிடைக்கும். வாரிசு குழந்தையாக இருந்தால் அதன் சார்பில் சும்மா மன்னிக்க முடியாது, சமரசத் தொகை தியத்துக்குக் குறையவும் கூடாது. சமரசமாகப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது செல்லாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கவனமாக எழுதப்பட்ட பிரிவுகள்தான்.

பிறகு எங்கே கோணல்? கொன்றவனும் மன்னிப்பவனும் ஒரே வீட்டில் இருக்கும்போது. அண்ணன் தங்கையைக் கொல்கிறான். வாரிசு யார்? தகப்பன். மகளுக்காகக் கேட்கவேண்டியவர் மகனை மன்னித்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். இரு குலச் சண்டையை நிறுத்தத் திறந்த வாசலில், ஒரே குடும்பத்துக் கொலையாளி நுழைந்து வெளியேறுகிறான். 2016 அக்டோபரில் பாகிஸ்தான் நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. கௌரவக் கொலை என்றால், வாரிசு மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு. ஆனால் அது கௌரவக் கொலைதான் என்று முதலில் நிரூபணமாக வேண்டும். அது நிற்காவிட்டால், பழையபடி மன்னிப்புதான். என் கருத்தில் சட்டம் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. கொன்றவனுக்கு நெருங்கிய உறவினர் மன்னிக்கும்போதெல்லாம், காரணம் எதுவானாலும், அரசின் தண்டனை தனியாக நிற்கவேண்டும். சவூதி அரேபியாவில் வாரிசின் உரிமை வேறு, பொது உரிமை வேறு. வாரிசு மன்னித்த பிறகும் பொது உரிமைக்காகச் சிறை உண்டு. வாரிசு குழந்தையானால் அது வளர்ந்து பெரியவராகி முடிவு சொல்லும்வரை கைதி காத்திருப்பதும் உண்டு.

கடிகாரம் அவசரப்படுத்துகிறது. குர்ஆனும் நபிவழியும் அளவு நிர்ணயித்த தண்டனையான ஹத்து பற்றி இரண்டே வாக்கியம். விபச்சாரக் குற்றத்துக்கு நேரில் பார்த்த நான்கு சாட்சிகள் வேண்டும், நிரூபிக்க முடியாமல் பழி சொன்னவருக்கு 80 கசையடி. திருட்டில் பொருள் பாதுகாப்பான இடத்தில் இருந்திருக்க வேண்டும், பெரும்பாலான மத்ஹபுகளில் கால் தீனார் பொற்காசின் மதிப்பாவது இருக்கவேண்டும், பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் அந்தத் தண்டனையையே நிறுத்திவைத்தார்.

கடைசியாகப் பேச நினைத்திருந்தது தஃஸீர். நீதிபதியோ அரசோ அளவு நிர்ணயிக்கும் தண்டனை அது. லஞ்சம், மோசடி, கணினிக் குற்றம் என இன்றைய வழக்குகளில் பெரும்பகுதி அதற்குள்தான் வருகிறது. நவீனச் சட்டம் இஸ்லாமியச் சட்டத்துக்குள் சண்டையில்லாமல் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். அதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். நன்றி, வணக்கம்.