கிணற்றடிக்கு வரவேண்டிய முடிவு

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பிரயோக விஞ்ஞான பீடாதிபதி அவர்களே, விரிவுரையாளர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, ஐயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, செட்டிகுளத்திலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் காலை பஸ் பிடித்து வந்திருக்கும் கமக்காரர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தாய்மாரே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

யாருடைய பதவியையாவது சொல்லாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். துணைவேந்தர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பம்பைமடு வளாகத்தின் மண்டபத்தில் கமக்காரர்களை முன்வரிசையில் அமர வைத்திருக்கிறீர்கள். பிரதேச செயலாளர் அம்மாவுக்கும் நன்றி. அலுவலக வேலைகள் அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, கூட்டம் முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது எங்களுக்குப் பெரிய கௌரவம்.

இந்த இடம் வளர்ந்த கதை என் வயதுக்காரருக்குத் தெரியும். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. போர்க்காலத்தில் ஒரு நல்ல ஆய்வுகூடத்துக்காகக் கொழும்பையும் பேராதனையையும் பார்த்துக்கொண்டிருந்த வன்னிக்கு இது சாதாரண விடயமல்ல.

இன்று மூன்று விடயங்கள் பேசவேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்று கிணறு, இரண்டு குளம், மூன்று காடு. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி வைத்திருக்கிறேன். என்னோடு பழகியவர்களுக்கு அது என்னவென்று இப்போதே தெரிந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊரில் ஓர் ஆச்சி இருக்கிறா. பெயர் வேண்டாம். மீளக்குடியேறியதிலிருந்து அதே காணி, அதே கட்டுக்கிணறு. ஒருநாள் ஒரு வானில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. போத்தல்களில் தண்ணீர் எடுத்தார்கள், இலக்கம் ஒட்டினார்கள், கிணற்றின் ஆழம் கேட்டார்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆச்சி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்து அனுப்பினா. "முடிவு வந்ததும் சொல்லுவம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்த வருடம் இன்னொரு வான் வந்தது. வேறு பிள்ளைகள், அதே போத்தல்கள், அதே கேள்விகள். இந்தமுறை ஆச்சி கிணற்றுக் கட்டில் ஏறி இருந்துகொண்டா. "பிள்ளையள், வடிவா எடுங்கோ. ஆனால் போன முறை கொண்டுபோன தண்ணிக்கு என்ன முடிவெண்டு சொல்லிப்போட்டு எடுங்கோ" என்றா. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது தங்கள் ஆய்வு அல்ல, முந்தைய அணியினுடையது என்று விளக்கினார்கள். "எனக்கு அணி தெரியாது ராசா, எனக்குக் கிணறுதான் தெரியும்" என்றா ஆச்சி. அயலட்டையெல்லாம் வேலியோடு வந்து நின்றுவிட்டது. நானும் நின்றேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு மாணவி போனை எடுத்துத் தன் விரிவுரையாளருடன் பேசினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டுரை போனுக்கு வந்தது. முழுதும் ஆங்கிலம். கிணறுகள் எல்லாம் அதில் இலக்கங்களாக இருந்தன. பழைய போத்தலில் ஒட்டிய இலக்கத்தின் மறுபாதியை ஆச்சி சுவாமிப் படத்தட்டில் செருகி வைத்திருந்தா! அதைக் கொண்டுவந்து கொடுத்தா. மாணவி அட்டவணையில் விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தாள். புளோரைட்டு அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூட. வாசித்துச் சொன்னபோது அவள் குரல் தளும்பியது. ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "அப்ப இவ்வளவு நாளும் என்ர பேரப்பிள்ளைக்கு இதையோ காய்ச்சிக் குடுத்தனான்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. ஆச்சி ஏமாற்றப்பட்டா என்று நான் சொல்லவரவில்லை. முடிவு இருந்தது, உண்மையான முடிவு, உழைத்துக் கண்டுபிடித்த முடிவு. அது கிணற்றடிக்கு மட்டும் வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் அன்று கண்ணால் கண்டேன்.

"காய்ச்சிக் கொடுத்தேன்" என்று ஆச்சி சொன்னதைக் கவனியுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகிப் போக, மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். வன்னியின் பெரும்பகுதி கருங்கல் பாறைத் தரை. அந்தப் பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைட்டு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்கிறது. வெயிலால் அதிகம் தண்ணீர் குடிக்கும் நம் நாட்டுக்கு இலங்கைத் தரநிலை 1.0 என்று இறுக்கி வைத்திருக்கிறது. பல் முளைத்து வரும் வயதில் கூடிய அளவு உள்ளே போனால் பல்லில் மண்ணிறக் கறை விழும். பள்ளிக்கூடங்களில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சிறுநீரக நோய் வேறு கதை. 1990களில் நம் பக்கத்து வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது, வவுனியாவையும் தொட்டது. காரணம் இதுதான் என்று விஞ்ஞானம் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. புளோரைட்டு, தண்ணீரின் கடினத்தன்மை, பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி, வயலில் வெயிலில் உடல் வற்றுவது என்று பலதையும் ஆராய்கிறார்கள். அதனால்தான் ஆய்வு இன்னும் வேண்டும் என்கிறேன். போத்தலோடு வரும் பிள்ளைகளைத் துரத்தச் சொல்லி யாரும் இங்கிருந்து போகக்கூடாது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தாலும் அந்த முடிவு அந்த வீட்டுக்குத் தமிழில், ஒரு தாளில் வரவேண்டும். புளோரைட்டு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, குடிக்கலாமா, குளிக்க மட்டுமா, சின்னப்பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பது. இவ்வளவும் போதும். ஒரு பிரதி கமக்காரர் அமைப்புக்கும் ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகட்டும். மாணவருடைய ஆய்வுத் திட்டத்தை அனுமதிக்கும்போதே இதை ஒரு நிபந்தனையாக வையுங்கள் என்று துணைவேந்தர் அவர்களை இந்தச் சபை முன்னால் பணிவோடு கேட்கிறேன். கட்டுரை எந்தச் சஞ்சிகையில் வேண்டுமானாலும் வரட்டும், எங்களுக்கும் அது பெருமைதான். ஆனால் தாள் முதலில் வீட்டுக்கு.

அந்த மாணவி பிறகு என்ன செய்தாள் தெரியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தனியாக வந்தாள். முடிவைக் கையாலேயே தமிழில் எழுதி, ஆச்சி வீட்டுச் சுவரில் ஒட்டினாள். பிறகு அயலில் உள்ள கிணறுகளின் இலக்கங்களையும் தேடிக் கொடுத்தாள். இப்போது ஆச்சி வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர் வாங்குகிறார்கள், மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடிக்கிறார்கள். அதற்கு ஒரு பெரிய திட்டமும் தேவைப்படவில்லை. ஒரு தாள்தான் தேவைப்பட்டது.

குளம் பற்றிச் சொல்ல நேரம் குறைவு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் போயின. மழை எவ்வளவு பெய்தால் எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலத்தில் வெள்ளம் வரும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் அறிவியல் நகரில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கும் தமிழில், கிராம அலுவலரின் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். காட்டைப் பற்றித் தலைவர் இன்னொரு நாள் தந்தால் முழுதாகப் பேசுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாசலில் மாதர் சங்கத் தாய்மார் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். உங்கள் கிணற்றில் யாராவது எப்போதாவது தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருந்தால், எந்த வருடம், போத்தலில் என்ன இலக்கம், ஞாபகம் இருக்கிற மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவர்கள் எழுதித் தருவார்கள். அந்தக் கொப்பியை இன்று மாலையே பீடாதிபதி அவர்களிடம் கையளிக்கிறோம்.

நன்றி, வணக்கம்.