68 கேம் எடுத்தும் தோத்த மனுஷன்: இனி யாரும் முறியடிக்க முடியாத டென்னிஸ் ரெக்கார்டு

[காட்சி: ஸ்கோர்போர்டு, 47–47. அப்படியே உறைஞ்சு நிக்குது.]

டென்னிஸ்ல ஒரு செட் ஜெயிக்க எத்தனை கேம் வேணும்? 6. ரெண்டு கேம் வித்தியாசம் இருக்கணும், அவ்வளவுதான். ஒருத்தர் ஒரே செட்ல 68 கேம் எடுத்தார். எடுத்தும் தோத்தார். மொத்த மேட்ச்லயும் யார் அதிக பாயிண்ட் எடுத்தாங்கன்னு கூட்டிப் பார்த்தா, அதுவும் அவர்தான்! இது எப்படிங்க நடக்கும்? கணக்கு போட்டே பார்த்துடலாம். பேப்பர், பேனா இருந்தா எடுத்து வச்சுக்கோங்க.

பின்னணிய ஒரே மூச்சுல சொல்லிடறேன். 2010 விம்பிள்டன், ஆண்கள் ஒற்றையர் முதல் சுற்று, 18-ம் நம்பர் கோர்ட். ஒரு பக்கம் அமெரிக்காவோட ஜான் இஸ்னர், 23-வது சீடு (போட்டிக்கான தரவரிசையில 23-வது இடம்), உயரம் 208 செ.மீ. இன்னொரு பக்கம் பிரான்ஸோட நிக்கோலா மஹூ, தகுதிச் சுற்று ஆடி உள்ள வந்தவர். அந்தத் தகுதிச் சுற்றுலயே ஒரு மேட்ச்ல கடைசி செட்ட 24–22னு ஜெயிச்சிருந்தார். அதுதான் ட்ரெய்லர். மெயின் படத்தோட ஸ்கோர்: 6–4, 3–6, 6–7, 7–6, 70–68. (6–7, 7–6ன்னு ஒரு கேம் வித்தியாசத்துல முடிஞ்சது டை-பிரேக்குல, அதாவது 6–6 ஆனதும் பாயிண்ட் கணக்குல ஒரே ஒரு கேம் ஆடி செட்ட முடிக்கிறது.) ஜெயிச்சது இஸ்னர்.

[காட்சி: மூணு நாள் காலண்டர்]

நிறைய பேர் 11 மணி நேரம் ஒரே மூச்சுல ஆடினாங்கன்னு நினைக்கிறாங்க. இல்லைங்க. ஜூன் 22 சாயங்காலம் 6:13-க்கு ஆரம்பிச்சு, நாலு செட் முடிஞ்சு 9:07-க்கு வெளிச்சம் போதாம நிறுத்தினாங்க. அடுத்த நாள் மதியம் 2:05-க்கு அஞ்சாவது செட் ஆரம்பம். ராத்திரி 9:09-க்கு 59–59. மறுபடி வெளிச்சம் இல்ல, மறுபடி வீட்டுக்கு. மூணாவது நாள் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆடி முடிச்சாங்க. மொத்தம் 11 மணி 5 நிமிஷம். அதுல அஞ்சாவது செட் மட்டும் 8 மணி 11 நிமிஷம்.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். டெஸ்ட் மேட்ச்ல ஒரு நாள் ஆட்டம் 6 மணி நேரம். இந்த ஒத்தை செட் அதை விட நீளம். அதுக்கு முன்னால இருந்த மிக நீண்ட டென்னிஸ் மேட்ச், 2004 பிரெஞ்ச் ஓபன்ல சாண்டோரோவும் கிளெமெண்டும் ஆடினது, 6 மணி 33 நிமிஷம். முழு மேட்ச்சுங்க அது! இங்க ரெண்டாவது நாள் ஆட்டம் மட்டுமே அதைத் தாண்டிடுச்சு. அன்னைக்கு முடிவும் வரல. மூணு நாளும் அம்பயர் நாற்காலியில ஒரே ஆள்தான், முகமது லஹ்யானி. அவருக்குத் தனியா ஒரு லைக் போடுங்க.

இப்ப அந்த ஸ்கோர்போர்டு. கோர்ட்டுல இருந்த எலக்ட்ரானிக் போர்டுக்கு 47–47 வரைக்கும்தான் எண்ண சொல்லிக்கொடுத்திருந்தாங்க. அதுக்கு மேல யார் ஆடப் போறான்னு நினைச்சிருப்பாங்க போல. 47–47-ல நின்னுது, அப்புறம் அணைஞ்சே போச்சு. விம்பிள்டன் வெப்சைட் கொஞ்சம் தைரியசாலி, 50–50 வரைக்கும் தாங்குச்சு. அதுக்கப்புறம் பூஜ்யத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சுடுச்சு. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவங்க இதை ஆபீஸ் குரூப்ல போட்டுவிடுங்க. "இந்த அளவு வேல்யூ வரவே வராது"ன்னு யாராவது சொன்னா காட்டறதுக்கு உதவும்.

[காட்சி: பெரிய எழுத்தில் 502 – 478]

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேட்ச்ல மொத்தம் 980 பாயிண்ட். மஹூ எடுத்தது 502. இஸ்னர் 478. 24 பாயிண்ட் கம்மியா எடுத்தவர் ஜெயிச்சிருக்கார்.

பேனாவ எடுங்க. டென்னிஸ்ல ஒரு கேம எப்படி ஜெயிச்சாலும் அது ஒரு கேம்தான். மஹூ தன்னோட சர்வீஸ் கேம, அதாவது அவரே பந்தைப் போட்டு ஆரம்பிக்கிற கேம, 4–0ன்னு சுத்தமா எடுக்கிறார்னு வைங்க. அடுத்து இஸ்னர் சர்வீஸ். 3–3, அதாவது டியூஸ் (இதுக்கப்புறம் ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வந்தாதான் கேம் முடியும்) வரைக்கும் இழுத்து, அப்புறம் ரெண்டு பாயிண்ட் எடுத்து 5–3ன்னு தப்பிக்கிறார். கேம் கணக்கு 1–1. பாயிண்ட் கணக்கு? மஹூ 4-ம் 3-ம் 7. இஸ்னர் வெறும் 5. இதே மாதிரி பத்து சுத்து போனா பாயிண்ட் 70–50, ஸ்கோர்போர்டுல 10–10. அந்த 20 பாயிண்ட் எங்க போச்சு? எங்கயும் போகல, அதுக்கு விலையே கிடையாது, அவ்வளவுதான். நான் போட்டது விளக்கத்துக்கான மிகைக் கணக்கு. நிஜ மேட்ச்ல 980-க்கு 24 தான் வித்தியாசம், 51-க்கு 49 மாதிரி. ஆனா வழி இதேதான்.

எது விலை போகும்? பிரேக். எதிராளியோட சர்வீஸ் கேம உடைக்கிறது. இந்த மேட்ச்ல 183 கேம், அதுல நடந்த பிரேக் மூணே மூணு. முதல் செட்ல இஸ்னர் ஒண்ணு. ரெண்டாவது செட் ஆரம்பத்துல மஹூ ஒண்ணு. அதுக்கப்புறம் தொடர்ந்து 168 சர்வீஸ் கேம் யாரும் உடைக்கல! கடைசி கேம்ல இஸ்னர் உடைச்சார், கதை முடிஞ்சுது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச எண் 64. அஞ்சாவது செட்ல முதல் சர்வீஸ் இஸ்னருக்கு. அதனால 5–4-ல இருந்து மஹூ சர்வீஸ் போட வந்த ஒவ்வொரு தடவையும், அந்த கேம விட்டா மேட்ச் காலி. அப்படி 64 தடவை தப்பிச்சார். 65-வது தடவை முடியல. நடுவுல நாலு மேட்ச் பாயிண்ட்டயும் (அந்த ஒரு பாயிண்ட்ட விட்டா மேட்சே போயிடும்) காப்பாத்தினார். அஞ்சாவதுதான் இஸ்னருக்குக் கிடைச்சுது. முதல்ல சர்வீஸ் போடறது வெறும் டாஸ் சமாச்சாரம்னு இனிமே யாராவது சொன்னா இந்த 64-ஐ சொல்லுங்க.

இது எவ்வளவு அபூர்வம்? அஞ்சாவது செட்ல தொடர்ந்து 137 கேம் சர்வ் போட்டவங்களே எடுத்தாங்க. ஒரு சர்வீஸ் கேம காப்பாத்த 90 சதவீதம் வாய்ப்புன்னு வச்சா, 0.9-ஐ 137 தடவை பெருக்கணும். ஏறத்தாழ 18 லட்சத்துல ஒரு தடவை. 95 சதவீதம்னு வச்சா சுமார் 1,100-ல ஒரு தடவை. 98 சதவீதம்னா 16-ல ஒண்ணு! ஒவ்வொரு கேம்லயும் சின்னதா ஏறினாலே கடைசியில மலைக்கும் மடுவுக்கும் ஆயிடுது.

அந்த சதவீதத்தை ஏத்தினது ஏஸ், அதாவது எதிராளியால தொடவே முடியாத சர்வீஸ். இஸ்னர் 113, மஹூ 103. அதுவரைக்கும் ஒரு மேட்ச்ல அதிக ஏஸ் போட்ட சாதனை குரோஷியா வீரர் கார்லோவிச்சோட 78. ரெண்டு பேருமே ஒரே மேட்ச்ல அதைத் தாண்டிட்டாங்க. 980-ல 216, அஞ்சுல ஒரு பாயிண்ட்டுக்கு மேல எதிராளி ராக்கெட் தொடவே இல்ல. அதனாலதான் ஒரு கேமுக்கு சராசரியா 3 நிமிஷம் 38 நொடிதான். நீளமான மேட்ச், ஆனா ஒவ்வொரு கேமும் குட்டி.

டை-பிரேக் இருந்திருந்தா? 1971-லயே விம்பிள்டனுக்கு வந்துடுச்சு. ஆனா கடைசி செட்டுல மட்டும் அப்போ டை-பிரேக் இல்ல. 2018 அரையிறுதியில கெவின் ஆண்டர்சன் கடைசி செட்ட 26–24ன்னு ஜெயிச்சார். தோத்தது யாருங்கிறீங்க? நம்ம இஸ்னரேதான்! அடுத்த வருஷமே 12–12-ல டை-பிரேக். 2022-ல இருந்து விம்பிள்டன் உட்பட நாலு பெரிய கிராண்ட் ஸ்லாம் போட்டியிலயும் கடைசி செட் 6–6 ஆனா 10 பாயிண்ட் டை-பிரேக். அப்போ ஒரு செட்டுக்கு அதிகபட்சம் 13 கேம், அஞ்சு செட்டுக்கு 65. 183-ஐ எப்படிங்க தொடறது? விதி மாறாத வரைக்கும் வாய்ப்பே இல்ல. வீரர்களோட உடம்புக்கு இது சரியான முடிவுதான். ரசிகனா எனக்குக் கொஞ்சம் வருத்தம். நேரச் சாதனை மட்டும் பேப்பர்ல உயிரோட இருக்கு, ஏன்னா டியூஸுக்கு எல்லை கிடையாது. ஆனா 65 கேம்ல 11 மணி நேரம் ஓட்டணும்னா கேமுக்கு 10 நிமிஷத்துக்கு மேல ஆகணும்!

உடம்புன்னு சொன்னேன்ல? அடுத்த சுற்றுல இஸ்னர் தீமோ டி பேக்கர்கிட்ட 0–6, 3–6, 2–6ன்னு 74 நிமிஷத்துல தோத்தார். 113 ஏஸ் போட்ட அந்தக் கை, அன்னைக்கு போட்ட ஏஸ் எத்தனை தெரியுமா? பூஜ்யம்.

[காட்சி: 2011 டிரா பட்டியல்]

அடுத்த வருஷம் 128 பேர் டிராவுல குலுக்கிப் போட்டா, முதல் சுற்றுல மறுபடியும் இஸ்னர்–மஹூ! 18-ம் கோர்ட்டுலதான் இருக்கும்னு நினைக்கிறீங்களா? கொடுக்கல. மூணே செட், 34 கேம், ரெண்டு மணி நேரம் சொச்சம், இஸ்னரே ஜெயிச்சார். ஸ்கோர்போர்டுக்கு ஒரு பிரச்சினையும் வரல. 47–47-ல நீங்க அந்த கோர்ட்டுல உட்கார்ந்திருந்தா எழுந்து போயிருப்பீங்களா, இருந்திருப்பீங்களா? கமெண்ட்ல போடுங்க.