செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?

(பாம்பன் கடற்கரையில் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரண்டு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மீனவர் சங்கப் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, இராமநாதபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, மைக்செட்டும் பந்தலும் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த தம்பிகளே, காயப்போட்ட கருவாட்டைக் காக்காய்க்கு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம். பங்குத்தந்தை பூசை நேரத்தையே அரை மணி தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார். தலைமையாசிரியை அம்மா தன் பிள்ளைகளை அழைத்து வந்து வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் இந்த ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வேலை செய்யும் இடத்தில் பெண்ணின் உடை’. நான் முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக இந்தக் கரையில் நடந்தவள். உடையைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேச ஆள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கால். அதனால் செருப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெண்கள் ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்களே, அதைப் பற்றி. உடம்பு, சரித்திரம், சட்டம், நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ என்று நான்கு விஷயம் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும்: ‘செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?’ தறிப்பது என்றால் வெட்டுவது. அளவு சேரவில்லை என்றால் செருப்பை மாற்று, காலை வெட்டாதே. இன்றைக்கு நான் பேச வந்தது முழுக்க அப்பத்தாவின் இந்த ஒரு வார்த்தைதான்.

முதலில் உடம்பு. வெறுங்காலில் நிற்கும்போது நம் பாரத்தில் பெரும்பங்கைக் குதிகால் வாங்கிக்கொள்கிறது. மூன்று அங்குலம் குதியைத் தூக்கிவிட்டால் அந்தப் பாரம் முன்னால் சரிந்து விரல்களின் அடியில் போய் உட்காரும். விழாமல் நிற்க இடுப்பு பின்னால் வளையும். முட்டி கூடுதலாக உழைக்கும். வருஷக்கணக்கில் போட்டால் ஆடுசதை குறுகிப்போகும். அப்புறம் சாதாரணச் செருப்பு போட்டாலே பின்னங்கால் நரம்பைச் சுண்டி இழுக்கும். முனை ஒடுங்கிய செருப்பு என்றால் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்துகொண்டு போகும். சர்க்கரை நோய் உள்ள அம்மாமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். செருப்பு கடித்தது தெரியாது, புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். ‘செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா’ என்பது வெறும் பேச்சில்லை, தறித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி என் தங்கச்சி மகள் கதை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. ஓட்டல் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல்முதலாக ஏசிக்குள் உட்கார்ந்து சம்பாதிக்கப்போகும் பிள்ளை. உட்கார்ந்து என்று நாங்கள்தான் நினைத்தோம். வேலை உத்தரவோடு ஒரு தாளும் வந்தது. கொண்டைக்கு வலை, உதட்டுக்கு இன்ன நிறம், காலுக்குக் கறுப்பு ஹீல்ஸ், உயரம் மூன்று அங்குலம். ஆண் பிள்ளைகளுக்கும் தாள் உண்டு. அதில் ‘பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ’ என்று ஒரே வரி.

இராமநாதபுரம் பஜாரில் போய் ஒரு ஜோடி வாங்கி வந்தோம். வாங்கியாச்சு, நடந்து பழக வேண்டாமா? எங்கள் வாசல் முழுக்க மணல். ஒரு எட்டு வைத்தால் குதி கணுக்கால் வரை மணலுக்குள் போகிறது. பிடுங்கி அடுத்த எட்டு வைப்பதற்குள் மறுகால் புதைகிறது. கடைசியில் கருவாடு காயப்போடும் சிமெண்ட் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் நெத்திலியும் காரலும் காய்கிறது, மறுபக்கம் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள், வருகிறாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை. ஒரு ஆத்தா கேட்டது, “ஏத்தா, நல்லாத்தானே நடந்த? யாரு உன்னை இப்படிக் கொக்காக்கி விட்டது?” அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். நீங்களும் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். மூன்றாம் நாள் சுவரை விட்டுவிட்டாள். நாலாம் நாள் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

அங்கே மேசை உண்டு, நாற்காலி கிடையாது. விருந்தாளி வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாதாம். அதற்காக நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். ஒன்பது மணி நேரம் அந்த மூன்று அங்குலத்தின் மேல் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் செருப்பைக் கழற்றினால் மறுபடி கால் உள்ளே போகாது, அவ்வளவு வீங்கியிருக்கும். அதனால் கழற்றாமலே சாப்பிடுவாளாம். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது. தட்டையான கறுப்பு ஷூ போட்டுக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். “ஸ்டைலா நிக்கத் தெரியலன்னா இந்த வேலைக்கு ஏன் வர்ற?” என்று பதில். நான்காம் மாதம், அப்போதுதான் துடைத்த ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. படுத்திருந்த நாளுக்குச் சம்பளம் இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது பழைய ரயில் பாலம் மூடிக்கிடந்த காலம். ரயில் தீவுக்குள் வராது. அக்கரையில் இறங்கி, காலில் கட்டோடு பஸ் ஏறி வந்தாள். செருப்பு ஒரு மஞ்சப்பையில் இருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை, விலை அப்படி.

அன்றைக்குச் சாயந்தரம் அவள் அம்மா, என் தங்கச்சி, கடலுக்குப் பாசி எடுக்கப் போய்விட்டுத் திரும்பினாள். நான் வெந்நீர் வைத்து ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் ஊற்றினேன். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் காலை வைத்தார்கள். நான்கு கால். மகளுடையது வெளுத்து, வீங்கி, சிறுவிரல் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அம்மாவின் பாதத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுக்காயம். பழையது வெள்ளைக் கோடாக ஆறியிருக்கிறது, புதியதில் உப்பு ஏறிச் சதை உப்பியிருக்கிறது. தண்ணீர் லேசாகச் சிவந்தது. என் தங்கச்சி குனிந்து மகள் விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்னையக் கல்லு அறுத்துச்சு. உன்னைய எதுடி அறுத்துச்சு?”

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சரித்திரம் என்று சொன்னேன். குதி உயர்ந்த செருப்பை முதலில் போட்டவர்கள் ஆண்கள். பாரசீகக் குதிரைவீரர்களுக்குச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் கால் வழுக்காமல் நிற்க அது உதவியது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்துப் போட்டான். பாண்டியர் காலத்தில் நம் கடற்கரைக்கும் கப்பல் கப்பலாக அரபுக் குதிரை வந்து இறங்கியது. குதிரைக்காரனுக்கு அந்தக் குதி வேண்டும், சரி. வரவேற்பு மேசையில் நிற்கும் பெண் எந்தக் குதிரையில் ஏறப்போகிறாள்?

பெண் எதை உடுத்த வேண்டும் என்று அதிகாரத்தில் இருப்பவன் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலை போடக் கூடாது என்று தடுத்தார்கள். சண்டை போட்டு 1859இல்தான் நாடார் பெண்கள் மேலாடை உரிமையை வாங்கினார்கள். நம் ஊர்களிலும் இன்னார் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போ என்று சொன்ன காலத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். கழற்று என்றதும் போடு என்பதும் ஒரே வாயிலிருந்து வருகிறது.

சட்டத்துக்கு வருகிறேன். லண்டனில் 2015 டிசம்பரில் நிக்கோலா தார்ப் என்ற பெண் வரவேற்பு வேலைக்குத் தட்டைச் செருப்போடு போனார். போய் இரண்டிலிருந்து நான்கு அங்குல ஹீல்ஸ் வாங்கிவா என்றார்கள். மறுத்ததற்குச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எழுதிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்து, 2017 மார்ச்சில் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. புதுச் சட்டம் மட்டும் வரவில்லை. ஆனால் அதே 2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் பிலிப்பைன்ஸும் ஹீல்ஸைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டன. ஜப்பானில் 2019இல் யுமி இஷிகாவா என்ற பெண் தொடங்கிய இயக்கத்துக்குப் பெயர் ‘குடூ’. அவர்கள் மொழியில் செருப்புக்கும் வலிக்கும் ஏறக்குறைய ஒரே சொல், அதை வைத்தே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நாட்டு வேலைவாய்ப்பு அமைச்சரோ, தேவைப்படும் இடத்தில் போட்டுத்தான் ஆகவேண்டும் என்கிற மாதிரி பேசினார். அடுத்த வருஷமே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. மனு போட்டால் நடக்கிறது, தாய்மார்களே. இதை மனதில் வையுங்கள்.

நம் தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். கேரளத்துப் பெண்கள் போராடி 2018இல் வாங்கியதை நாம் மூன்று வருஷம் கழித்து வாங்கினோம். ஜவுளிக்கடைக்குப் போகும்போது, சேலை எடுத்துப் போடும் பிள்ளைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில் உடைக் கட்டுப்பாடே கூடாது என்கிறவள் இல்லை நான். முப்பது வருஷம் யூனிபார்ம் சேலை கட்டினேன். அதைப் பார்த்துத்தான் நடுராத்திரியிலும் எனக்குக் கதவைத் திறந்தார்கள். இறால் கம்பெனியில் கம்பூட்ஸ் போடு என்றால் அது காலைக் காக்கிற கட்டளை, போடத்தான் வேண்டும். காலைக் கெடுக்கிற கட்டளையை எவன் சொன்னாலும் கேட்கத் தேவையில்லை. செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா?

நேரமாகிறது என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. தலைவர் அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் எதற்காக இந்த மேடையைக் கேட்டு வாங்கினேனோ அதற்கு இன்னும் வரவில்லை. பள்ளிக்கூட ஷூவை இன்னொரு நாள் பேசுவோம்.

ஹீல்ஸ் போடாதவர்களைப் பற்றி, செருப்பே இல்லாதவர்களைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் பாசிக்காரப் பொம்பளைகள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று இவர்கள் முங்கி முங்கிப் பிடுங்கி வருவதிலிருந்துதான் அகர் அகர் வருகிறது. மிட்டாயிலும் மருந்திலும் அது கலந்து ஊர் ஊராகப் போகிறது. இவர்கள் வேலைக்கு உடை யார் கொடுத்தார்கள்? சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டை. விரல் அறுபடாமல் இருக்கக் கிழிந்த துணிச் சுற்று. காலுக்கு டயரை வெட்டிக் கயிறு போட்டுக் கட்டிய துண்டு. கயிறு தண்ணீரில் ஊறித் தளர்ந்தால் அதுவும் போய்விடும். கல் அறுக்கும், சொறி என்கிற ஜெல்லிமீன் உரசினால் தடித்துப்போகும், திருக்கை முள் குத்தினால் அன்றைக்குத் தூக்கமே கிடையாது. கரை ஏறினால் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் இல்லை. ஈரச்சேலையை மாற்ற ஒரு மறைவு இல்லை. வத்தைப் படகின் பின்னால் ஒருத்தி துணியைப் பிடிக்க இன்னொருத்தி மாற்றுகிறாள். ஏசி ஓட்டலில் மூன்று அங்குலத்தை அளந்து பார்க்க ஆள் இருக்கிறது. இங்கே காலில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

நான் கேட்பது நான்கே நான்கு. பாறையில் வழுக்காத ரப்பர் ஷூ, வருஷத்துக்கு இரண்டு ஜோடி. கையுறை. கரையில் ஒரு தண்ணீர்க் குழாய். கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு உடை மாற்றும் அறை. வழக்கறிஞர் அம்மா மனுவை எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையில் கொடுக்கப்போகிறோம். என் தங்கச்சி மகளும் வருகிறாள். இப்போது கால் ஆறிவிட்டது, தட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு இராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறாள்.

மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. யாரும் அப்படியே எழுந்து போய்விடாதீர்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இந்தப் பந்தலடியில் நில்லுங்கள், வேனுக்குச் சொல்லியிருக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள். தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி வைத்திருக்கிறேன், பாசி அறுத்த விரலாக இருந்தாலும் ரேகை விழும். வணக்கம்.