கேம் விருதுகளில் ரசிகர் ஓட்டு: எந்த அளவுக்கு நம்பலாம்?

[திரையில்: ஸ்டீம் விருதுகள் 2023, வெற்றியாளர் பட்டியல்]

வணக்கம். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் நடத்தும் 2023 விருதுகளின் முடிவுகள் 2024 ஜனவரி தொடக்கத்தில் வந்தன. முழுக்க முழுக்க ரசிகர்களே பரிந்துரைத்து, ரசிகர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருது இது. அதில் 'லேபர் ஆஃப் லவ்' என்று ஒரு பிரிவு உண்டு. கேம் வெளியாகிப் பல வருடம் ஆன பிறகும் அதைக் கைவிடாமல், புதுப்புது விஷயங்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும் குழுவுக்குக் கொடுப்பது. அந்த வருடம் அதை ஜெயித்தது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2.

அருமையான கேம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை உருவாக்கிய ராக்ஸ்டார் 2022 ஜூலையிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது: ஆட்களை எங்கள் இன்னொரு கேம் தொடரான ஜிடிஏவின் அடுத்த பாகத்து வேலைக்கு மாற்றுகிறோம், இந்த கேமின் இணையப் பகுதியான ரெட் டெட் ஆன்லைனுக்கு இனிப் பெரிய அப்டேட் எதுவும் வராது என்று. அதில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மனம் வெறுத்து, கேமுக்குள்ளேயே ஒன்றுகூடி அதற்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, தொடர்ந்து கவனித்துக்கொண்டதற்காக விருது! அதே பிரிவில் டீப் ராக் கேலக்டிக்கும் போட்டியில் இருந்தது. டென்மார்க்கில் இருக்கும் கோஸ்ட் ஷிப் கேம்ஸ் என்ற சிறிய குழு, சீசன் சீசனாக இலவசமாகவே புது உள்ளடக்கம் கொடுத்துக்கொண்டிருந்த கேம். அது தோற்றது.

இன்னொரு பிரிவு, மிகப் புதுமையான விளையாட்டு முறைக்கானது. ஜெயித்தது ஸ்டார்ஃபீல்ட். அப்போது ஸ்டீமிலேயே அதன் விமர்சனங்கள் 'கலவையானது' என்ற நிலையில்தான் இருந்தன. போட்டியில் இருந்த ஷேடோஸ் ஆஃப் டவுட்டைப் பாருங்கள். நீங்கள் ஒரு துப்பறிவாளர். கணினியே ஒரு முழு நகரத்தை உருவாக்கித் தரும். அதில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு கைரேகை இருக்கும். அவர்களில் ஒருவர்தான் கொலையாளி. கதவு எண்ணிலிருந்து வேலைக்குப் போகும் நேரம் வரை தோண்டித் துருவி, நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைவிடப் புதுமைக்கு வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி ஒரு முடிவு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, கள்ள ஓட்டா, பாட் (தானாகவே ஓட்டுப் போடும் நிரல்) வைத்துப் போட்டார்களா என்றுதான். நியாயமான கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் ஒரே ஒரு கள்ள ஓட்டுக்கூட விழாமல், எல்லோரும் மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டாலும் இதே முடிவு வரும். அதை முதலில் காட்டுகிறேன்.

[திரையில்: 1,000 புள்ளிகள்]

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஓட்டுப் போட 1,000 பேர் வருகிறார்கள். சின்னக் கேமை விளையாடியவர்கள் 50 பேர். அந்த 50 பேரும் ஒருவர் பாக்கியில்லாமல், இதுதான் இந்த வருடத்தின் புதுமை என்கிறார்கள். பெரிய கேமை விளையாடியவர்கள் 600 பேர். அதில் ஆறில் ஒருவர் மட்டும், ஆமாம், இதில் ஏதோ புதுமை இருக்கிறது என்று நினைக்கிறார். அது 100 ஓட்டு. முடிவு, 100-க்கு 50. பெரிய கேம் இரண்டு மடங்கு ஓட்டில் ஜெயித்துவிட்டது.

கவனியுங்கள், சின்னக் கேமை விளையாடியவர்களில் நூற்றுக்கு நூறு பேர் அதை ஆதரித்தார்கள். பெரிய கேமை விளையாடியவர்களில் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. எதை அளப்பதாகச் சொன்னார்களோ, அதை இந்த முறை அளக்கவே இல்லை, அவ்வளவுதான். கேள்வித்தாளில் 'எது புதுமை' என்று அச்சடித்திருந்தாலும், பெட்டிக்குள் விழுவது 'எதை அதிகம் பேர் விளையாடினார்கள்' என்பதற்கான பதில். பிரிவின் பெயரை என்ன மாற்றினாலும் அதே நாலைந்து பெரிய பெயர்கள் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான்.

ஸ்டீமில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஒரு கேமுக்கு விமர்சனம் எழுத வேண்டுமென்றால் அது உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறீர்கள் என்பதும் விமர்சனத்தின் பக்கத்திலேயே தெரியும். விருதுக்கு ஓட்டுப் போடுவதற்கு அந்த நிபந்தனை கிடையாது. வாங்காத கேமுக்கும், ஒரு நிமிடம்கூடத் திறந்து பார்க்காத கேமுக்கும் ஓட்டுப் போடலாம். பரிந்துரைக் கட்டத்தில் கணக்கில் காட்டிக்கொள்ள ஒரு பேட்ஜ் வேறு தருகிறார்கள். எல்லாப் பிரிவிலும் ஒரு கேமைப் பரிந்துரைத்தால் அந்த பேட்ஜ் மேல்நிலைக்குப் போகும். அப்படியென்றால் ஒன்றுமே தெரியாத பிரிவிலும் எதையாவது தட்டிவிட்டுப் போகச் சொல்லி அவர்களே தூண்டுகிறார்கள்.

விஆர், அதாவது தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விளையாடும் கேம்களுக்கான பிரிவை எடுத்துக்கொள்வோம். ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பின்படி, விஆர் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் சுமார் 2 சதவீதம் பேர்தான். ஆனால் சிறந்த விஆர் கேமுக்கு எல்லோரும் ஓட்டுப் போடலாம். 2023-இல் அந்த விருதை வாங்கியது லேபிரிந்தைன். நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் திகில் கேம். ஹெட்செட் இல்லாமல் சாதாரணத் திரையிலேயே விளையாடலாம்! கேம்மேல் குறை சொல்லவில்லை. ஹெட்செட்டுக்காகவே உருவாக்கிய குழுக்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள் என்கிறேன். இருக்கும் இரண்டு சதவீதம் பேரையும் சேர்த்துப் பிடித்தாலும், மீதி 98 சதவீதத்தின் கண்ணில் படும் பெயரோடு மோத முடியாது.

சரி, இப்போது கள்ள ஓட்டுக்கு வருவோம்.

[திரையில்: 2009, டைம் இதழின் இணைய வாக்கெடுப்பு]

இணைய வாக்கெடுப்பை எவ்வளவு தூரம் வளைக்க முடியும் என்பதற்கு இதுவரை நடந்ததிலேயே துல்லியமான உதாரணம் கேம் உலகத்துக்கு வெளியில்தான் இருக்கிறது. 2009-இல் டைம் இதழ், உலகில் மிகச் செல்வாக்கு மிக்கவர் யார் என்று இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தியது. ஜெயித்தவர் 4சான் என்ற இணைய விவாதத் தளத்தைத் தொடங்கிய 'மூட்'. அதுகூடப் பெரிய விஷயமில்லை. முதல் 21 இடங்களில் வந்தவர்களின் பெயர்களில் முதல் எழுத்தை மட்டும் வரிசையாகப் படித்தால் 'மார்பிள்கேக் ஆல்சோ த கேம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தது. 4சான் கூட்டம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசகம். அதாவது, ஒருவரை முதலிடத்துக்குத் தள்ளியதோடு நிற்காமல், இருபத்தோரு இடங்களையும் வேண்டிய வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். நிரல் எழுதத் தெரிந்த ஒரு சிறு கூட்டம் மனசு வைத்தால் இவ்வளவு முடியும்.

அதற்குப் பிறகு பாதுகாப்பு எவ்வளவோ கூடியிருக்கிறது. கணக்கு வைத்திருந்தால்தான் ஓட்டு, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வந்துவிட்டது. கணக்கையே ஆயிரக்கணக்கில் உருவாக்குபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு முடிவைத் திருப்புவது பெரும்பாலும் நிஜ மனிதர்களைத் திரட்டுவதுதான் என்பது என் கணிப்பு.

2022-இல் த கேம் அவார்ட்ஸ் என்ற பெரிய வருடாந்திர விருது விழாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 'பிளேயர்ஸ் வாய்ஸ்' என்று ஒரே ஒரு விருது நூறு சதவீதம் ரசிகர் ஓட்டில் முடிவாகும். மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் எல்டன் ரிங், காட் ஆஃப் வார் ரக்னராக், ஸ்ட்ரே, சோனிக் ஃபிரான்டியர்ஸ், கென்ஷின் இம்பேக்ட். யாருக்கு எத்தனை சதவீதம் என்பது ஓட்டு நடக்கும்போதே பக்கத்தில் தெரிந்துகொண்டிருந்தது. சோனிக் ரசிகர்கள் படை திரட்டி அதை முன்னால் கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு கென்ஷின் ரசிகர்கள் கிளம்பினார்கள். நீ பாட் வைத்திருக்கிறாய், இல்லை நீதான் வைத்திருக்கிறாய் என்று இரண்டு பக்கமும் சண்டை. கடைசியில் கென்ஷின் ஜெயித்தது.

ஜெயித்ததும் அதன் நிறுவனமான ஹோயோவர்ஸ், நன்றி சொல்லும் விதமாக எல்லா வீரர்களுக்கும், கேமுக்குள் செலவழிக்கும் நாணயமான பிரிமோஜெம் 800 கொடுத்தது. புதுக் கதாபாத்திரம் கிடைக்கிறதா என்று ஒருமுறை அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்க 160 பிரிமோஜெம் ஆகும். அந்தக் கணக்கில் ஐந்து முறைக்கான பரிசு. முந்தைய வருடமும் விருது வாங்கியபோது பரிசு கொடுத்திருந்தார்கள். அதனால் இந்த முறையும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ரசிகர்களிடம் முன்கூட்டியே இருந்தது. இதை ஓட்டுக்குக் காசு என்று சொல்லிவிட முடியுமா? நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் என்று கொடுக்கவில்லை, போடாதவருக்கும் கிடைத்தது. ஆனால் ஜெயித்தால் வீட்டுக்கு ஏதோ வரும் என்று தெரிந்த ஒருவர் ஓட்டுப் போடும்போது, எந்த கேம் சிறந்தது என்ற கேள்வி அவர் மனதில் எத்தனையாவது இடத்தில் இருக்கும்?

இந்தத் திரட்டலுக்குப் பயந்துதான் த கேம் அவார்ட்ஸின் மற்ற பெரும்பாலான பிரிவுகளில் நடுவர்களுக்கு 90 சதவீதம், ரசிகர்களுக்கு 10 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்கள் நடுவர் குழுவில் உண்டு. இந்தப் பத்து சதவீதத்துக்கு என்ன பலம்? இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு. நடுவர்களிடம் ஒரு கேமுக்கு 40 சதவீதம், இன்னொன்றுக்கு 34. ரசிகர்களிடம் முதலாவதுக்கு 20, இரண்டாவதுக்கு 60. கூட்டிப் பார்த்தால் முதலாவது 38, இரண்டாவது 36.6. ரசிகர்களிடம் மூன்று மடங்கு ஆதரவு இருந்தும் இரண்டாவது கேம் தோற்கிறது. நடுவர்கள் அதற்கு 34-க்குப் பதில் 36 கொடுத்திருந்தால் 38.4 வந்து ஜெயித்திருக்கும். நெருக்கமான போட்டியில் மட்டும்தான் ரசிகர் ஓட்டு பேசும். எந்த வருடம் அப்படிப் பேசியது என்று நமக்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் ஓட்டு விவரத்தை அவர்கள் வெளியிடுவதில்லை. என்னுடைய பெரிய வருத்தம் இதுதான். ஸ்டீமும் வெளியிடுவதில்லை. எண்ணிக்கையைச் சொல்லாத தேர்தலை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அப்படியானால் நடுவர்களிடமே முழுசாக விட்டுவிடலாமா? வேண்டாம். 2024-ஐப் பாருங்கள். நடுவர்கள் கை ஓங்கிய த கேம் அவார்ட்ஸில் வருடத்தின் சிறந்த கேம் ஆஸ்ட்ரோ பாட். ரசிகர்கள் கையில் இருந்த பிளேயர்ஸ் வாய்ஸ், கோல்டன் ஜாய்ஸ்டிக், ஸ்டீம் மூன்றிலும் சீனாவின் பிளாக் மித்: வுகாங். வெளியான மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதி விற்ற கேம் அது. பிஎஸ்5-இல் மட்டும் வந்த ஆஸ்ட்ரோ பாட் இரண்டு மாதத்தில் சுமார் 15 லட்சம். இந்த முடிவு சீன ரசிகர்களின் எண்ணிக்கை பலம் என்று ஒதுக்கித் தள்ளியவர்களை நிறையப் பார்த்தேன். எனக்கு அது உறுத்தியது. வருடக்கணக்காக யாரும் கருத்துக் கேட்காத ஒரு பெருங்கூட்டம், எங்களுக்குப் பிடித்தது இது என்று வந்து சொல்கிறது. அந்தக் குரலைக் கேட்க ரசிகர் ஓட்டைத் தவிர வேறு வழி கிடையாது. இன்னொரு பக்கம் 2023-இல் பால்டர்ஸ் கேட் 3, நடுவர்களிடமும் ஜெயித்தது, பிளேயர்ஸ் வாய்ஸ், கோல்டன் ஜாய்ஸ்டிக், ஸ்டீம் என ரசிகர்களிடமும் ஜெயித்தது. தனித்தனிக் கூட்டங்கள் தனித்தனி முறையில் ஓட்டுப் போட்டும் ஒரே பெயர் வந்தால், அந்த முடிவை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

பட்டியலே கொடுக்காமல், மனதில் இருப்பதை எழுதுங்கள் என்று கேட்டால் சரியாக வருமா? 2025-இல் பிரிட்டனில் திரைப்படங்களுக்கும் கேம்களுக்கும் விருது தரும் பாஃப்டா அமைப்பு அதையும் செய்து பார்த்தது. வரலாற்றிலேயே அதிகத் தாக்கம் ஏற்படுத்திய கேம் எது என்று பொதுமக்களைக் கேட்டார்கள். முதலிடம் 1999-இல் வந்த ஷென்மூ. டூமும் சூப்பர் மரியோ பிரதர்ஸும் அதற்குப் பின்னால். ஷென்மூவுக்காவது வாதாட இடமிருக்கிறது, திறந்த உலக கேம்களுக்கு முன்னோடி என்று சொல்லலாம். ஏழாவது இடத்தில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2 வந்தது. அது வெளியாகி இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது! யார்மேல் அது தாக்கம் ஏற்படுத்தியிருக்க முடியும்? பிடித்திருந்தது, எழுதினார்கள்.

[திரையில்: ஸ்டீம் விமர்சனம் ஒன்று, விளையாடிய மணிநேரம் பெரிதாகத் தெரிகிறது]

அதனால் ரசிகர் விருது எதைப் பார்த்தாலும் நான் மூன்று விஷயம் தேடுவேன். யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது? ஓட்டுப் போட்டவருக்கு என்ன கிடைத்தது? எண்ணிக்கையை வெளியிட்டார்களா? பிரிவு எவ்வளவு குறுகலோ, விளையாடியவர்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு முடிவைச் சந்தேகப்படுவேன். 'வருடத்தின் மிகப் பிரபலமான கேம்' என்று பெயர் வைத்திருந்தால் எந்தப் புகாரும் இல்லாமல் ஏற்றுக்கொள்வேன்.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நினைத்தால் இதை நாளைக்கே சரிசெய்யலாம். எந்தக் கணக்கில் எந்த கேம் இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு பிரிவில் போட்டியிடும் ஐந்தில் இரண்டையாவது, தலா இரண்டு மணி நேரமாவது விளையாடியவருக்குத்தான் அந்தப் பிரிவில் ஓட்டு என்று சொல்லட்டும். பேட்ஜை எடுத்துவிடட்டும். ஒவ்வொரு கேமுக்கும் விழுந்த ஓட்டையும், அதை விளையாடியவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும். ஓட்டு எண்ணிக்கை கண்டிப்பாகக் குறையும். விற்பனைத் திருவிழாவின் நடுவில் விருது நடத்தும் ஒரு கடைக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் அந்தச் சதவீத வரிசையில் ஷேடோஸ் ஆஃப் டவுட் போன்ற ஒரு கேம் எந்த இடத்தில் நிற்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.