ஜின்னுக்கு ஒரு மனு, பின்கோடோடு

எல்லோருக்கும் வணக்கம். மாயக் கதை எழுத ஆசைப்படுகிற இத்தனை பேரை ஒரே அறையில் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உண்மையான ஒரு தலைநகரத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஜின்னும் பேயும் தெய்வமும் நடமாடுகிற ஒரு கதையுலகத்தை எப்படிக் கட்டுவது என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நான் டெல்லியை வைத்துப் பேசுகிறேன். பதினோரு வருஷம் அங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பச்சைத் தாளில் குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்புகிற வேலையில் இருந்தேன். அந்த ஊரை எனக்குக் காலால் தெரியும்.

சமீபமாக நிறைய கையெழுத்துப் பிரதிகள் என்னிடம் படிக்க வருகின்றன. கன்னாட் பிளேஸில் ரத்தக்காட்டேரி, இந்தியா கேட்டுக்கு அடியில் வேறு உலகத்துக்கு ஒரு கதவு, மெட்ரோ சுரங்கத்தில் மந்திரவாதிகளின் ரகசியக் கூட்டம். நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் டெல்லி என்ற பெயரை அடித்துவிட்டு மும்பை என்று எழுதினால் கதையில் வேறு எதையும் மாற்றவேண்டியதில்லை. அப்படியென்றால் அந்த ஊர் கதைக்குள் வரவே இல்லை, பின்னால் தொங்கவிட்ட படுதாவாகத்தான் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு ஊர் பகலில் என்ன வேலை செய்கிறதோ, அந்த ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர்களும் அதே வேலையைத்தான் செய்யவேண்டும். தலைநகரத்தின் வேலை என்ன? மனு வாங்குவது. நாட்டின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் ரயிலேறி, கையில் ஒரு தாளோடு வந்து, யாராவது இதைப் பார்ப்பார்களா என்று ஒரு வாசலில் நிற்கிறார். டெல்லி எழுநூறு எண்ணூறு வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறது. ராஜா மாறுவார், வாசல் மாறும், தாளோடு நிற்பவர் மட்டும் அப்படியே நிற்பார்.

இது என் கற்பனை இல்லை. பிரோஸ் ஷா கோட்லா என்றவுடன் உங்களுக்குக் கிரிக்கெட் மைதானம் ஞாபகம் வரும். அந்த மைதானத்தை ஒட்டியே 1354-இல் பிரோஸ் ஷா துக்ளக் கட்டத் தொடங்கிய கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அங்கே போய்ப் பாருங்கள். கீழ்த்தளத்து இருட்டு அறைகளில் ஊதுவத்திப் புகை, ரோஜா இதழ், மெழுகுவத்தி, மாடங்களில் செருகிய தாள்கள். ஜின்களுக்கு எழுதிய கடிதங்கள் அவை. முஸ்லிம்கள் மட்டுமில்லை, இந்துப் பெண்கள் நிறைய பேர் வருவார்கள். ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அறைக்கு ஒன்றாக வைப்பார்கள், ஏனென்றால் எந்த ஜின்னின் இலாகாவில் நம் பிரச்சினை வருமென்று யாருக்குத் தெரியும்?

முதல் தடவை போனபோது ஐம்பது வயசிருக்கும் ஒரு அம்மா என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன். சுவரில் தாளை வைத்து எழுதினார், சுவர் சொரசொரப்பில் தாள் ஓட்டையாகிக்கொண்டே இருந்தது, அப்புறம் என் அலுவலகப் பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். குறையை எழுதும் முன்பே மேலே வீட்டு முகவரியை எழுதினார். வீட்டு எண், சந்து எண், எந்தப் பால் டிப்போவுக்குப் பின்னால், பின்கோடு. "மாதாஜி, அவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கள் பகுதியில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் பேட்டா, தப்பான வீட்டுக்குப் போய்விட்டால்?" என்றார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அங்கே போனால் நீங்களும் யாருடைய கடிதத்தையும் படிக்காதீர்கள், கதைக்கு வேண்டுமென்றாலும் சரி.

அந்த ஒரு பதிலில் ஒரு கதையுலகத்துக்கான சட்டம் முழுக்க இருக்கிறது, கவனியுங்கள். ஜின்னுக்குச் சக்தி உண்டு, ஆனால் எல்லாம் தெரிந்தவர் இல்லை. எழுத்தில் கொடுத்தால்தான் நடவடிக்கை. எல்லை உண்டு, இலாகா உண்டு, முகவரி தப்பினால் வரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மாயம் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், உடனே ரத்தம், ஆயுள், ஆத்மா என்று எழுதுவோம். டெல்லியில் அந்த விலை காத்திருப்பு. வியாழன் வியாழனாக வரவேண்டும்.

நமக்கு இது புதுசும் இல்லை. விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள், தெரியுமில்லையா? குறையைத் தாளில் எழுதி முருகனிடம் வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவது. நம் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அந்தக் கணக்குக்குப் படிப்பணம் கட்டவேண்டும், முனியப்பர் அவ்வளவு தூரம் போய் வரவேண்டும் அல்லவா? காரியம் நடந்தால் திரும்ப வந்து பிராதை ராஜினாமா செய்யவேண்டும். ஜனங்கள் தாங்களாகவே இவ்வளவு நுணுக்கமாக விதி செய்து வைத்திருக்கும்போது நாம் எதற்கு வேறெங்கிருந்தோ மந்திரக்கோலை வாங்கிவரவேண்டும்?

சரி, கோட்லாவுக்கே திரும்பலாம். இடிபாடுகளின் உச்சியில் ஒரு அசோகர் தூண் நிற்கிறது, ஏறத்தாழ 13 மீட்டர் உயரம். இன்றைய ஹரியானாவில் இருக்கும் டோப்ரா என்ற ஊரிலிருந்து பிரோஸ் ஷா அதைப் பெயர்த்துப் பஞ்சும் நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனைக் கரைக்கு இழுத்து, படகுகளில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார், ஒருவராலும் படிக்க முடியவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அசோகர் காலத்துப் பிராமி எழுத்தின் புதிரை உடைக்கும் வரைக்கும் அது ஊமையாகவே நின்றது. அங்கே வருகிறவர்கள் பெரிய ஜின்னைத் தூண்காரர் என்ற அர்த்தத்தில் லாட் வாலே பாபா என்று கூப்பிடுகிறார்கள்.

இப்போது கதைக்காரராக யோசியுங்கள். தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு அரசாணைக்குக் காவல் இருக்கிற ஜின். அந்த ஆணை என்ன சொல்கிறது? சாலையோரம் ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், வழியெல்லாம் கிணறு வெட்டினேன், தங்குமிடம் கட்டினேன், மனிதருக்கும் விலங்குக்கும் நிழலும் தண்ணீரும் கிடைக்கட்டும் என்று. கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற ஊரின் நடுவில், தண்ணீரைப் பற்றிய ஒரு ராஜாவின் வாக்கு கல்லில் நிற்கிறது, காவல்காரருக்கே அது தெரியாது. இதைவிட நல்ல ஆரம்பத்தை எந்த எழுத்தாளராலும் உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவர முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் டெல்லி தானாகவே திறக்கும். பஸ்ஸில் கண்டக்டர் கூவுகிற பெயர்களைக் கேளுங்கள். தௌலா குவான் என்றால் வெள்ளைக் கிணறு. லால் குவான் என்றால் சிவப்புக் கிணறு. மசாலா மண்டி காரி பாவ்லி, உப்புத் தண்ணீர்ப் படிக்கிணறு என்று அர்த்தம், இன்றைக்கு அங்கே மூட்டையும் தும்மலும்தான், கிணறு இல்லை. நஜஃப்கர் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அது சாஹிபி என்ற ஆறு. இந்தக் கிணறுகளின் காவல் தெய்வங்கள் எங்கே போயிருக்கும்? வேலை போன ஆட்களாக எங்கோ வாடகைக்கு இருக்கும். என் கதையில் தௌலா குவான் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் புடவைக் கிழவி வெறும் வாளியோடு நிற்கிறாள்.

2023 ஜூலை 13-ஆம் தேதி யமுனை 208.66 மீட்டருக்கு ஏறியது. ஷாஜகான் கட்டியபோது செங்கோட்டை மதிலின் அடியில் ஆறு ஓடியது, அப்புறம் ஆறு கிழக்கே ஒதுங்கிக்கொள்ள, விட்டுப்போன இடத்தில் ரிங் ரோடு வந்தது. அந்த ஜூலையில் தண்ணீர் மறுபடி மதிலடியில் நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைப் பார்த்ததும் பிரமிப்பைவிட, ரொம்ப நாள் கழித்துத் தன் வீட்டைப் பார்க்க வந்தவரை வாசலில் பார்த்த மாதிரி ஒரு கூச்சம்தான் வந்தது.

சாபக் கதைகளும் அங்கே தண்ணீரிலிருந்துதான் தொடங்குகின்றன. கியாசுதீன் துக்ளக் கோட்டை கட்ட ஆட்களை எல்லாம் இழுத்துக்கொண்டார், சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா படிக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தார், பகலில் கோட்டை வேலை செய்தவர்கள் ராத்திரி விளக்கு வைத்துக் கிணற்று வேலை செய்தார்கள், சுல்தான் எண்ணெயைத் தடுத்தார், கிணற்றுத் தண்ணீரிலேயே விளக்கு எரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. வெளியூரிலிருந்து வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம் சுல்தான், டெல்லி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றாராம் அவுலியா. 1325-இல் ஊருக்கு வெளியே வரவேற்புப் பந்தல் சரிந்து சுல்தான் செத்தது சரித்திரம். துக்ளகாபாத் பாழாகக் கிடக்கிறது, அந்தப் படிக்கிணற்றில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. டெல்லியில் புது நகரம் கட்டுகிறவர் அதை இழப்பார் என்றும் ஒரு பேச்சு உண்டு, ஆங்கிலேயர்கள் புது டெல்லியை 1931-இல் திறந்துவைத்து 1947-இல் கிளம்பினார்கள். இதை ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

யார் கண்ணில் படுகிறது என்பதையும் யோசியுங்கள். 2001 மே மாதம், ராத்திரியில் குரங்கு மாதிரி ஒரு உருவம் வந்து தாக்குகிறது என்று குரங்கு மனிதன் பீதி வந்ததே, காஜியாபாத், நொய்டா, கிழக்கு டெல்லி என்று பரவியதே, அது அமைச்சர்கள் இருக்கும் தெருக்களுக்கு வரவில்லை. மின்வெட்டில் மொட்டை மாடியில் படுத்தவர்களிடம்தான் வந்தது. பயந்து மாடியிலிருந்து குதித்து உயிர் விட்டவர்கள் உண்டு. ஆகவே உங்கள் பூதத்துக்கு எந்தப் பேட்டை, அங்கே ராத்திரி கரண்ட் இருக்குமா, ஜனங்கள் எங்கே படுப்பார்கள் என்று முதலில் எழுதுங்கள், பல்லையும் நகத்தையும் அப்புறம் வரைந்துகொள்ளலாம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 1984 நவம்பரில் சீக்கியர்கள் கொல்லப்பட்ட திரிலோக்புரியில் நான் ஒரு பேயைக்கூட வைக்கமாட்டேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, அவர்களுடைய மனுக்கள் உண்மையான நீதிமன்றங்களில் பல வருஷம் காத்திருந்தன. நம் வாசகரைத் திடுக்கிட வைக்க அந்தச் சாவை எடுக்கக்கூடாது. அதே மாதிரி, ஜின் என்றாலே வில்லன், இடிந்த மசூதி என்றாலே பயம் என்று எழுதாதீர்கள், கோட்லாவின் இடிந்த மசூதியில் இன்றும் தொழுகை நடக்கிறது.

நம்மவர்கள் அங்கே எங்கே வருவார்கள் என்று கேட்பீர்கள். 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரை வரைக்கும் வந்து யானைகளையும் பொன்னையும் வாரிக்கொண்டு போனார். அவை போய்ச் சேர்ந்தது சிரி என்ற அன்றைய டெல்லிக் கோட்டைக்கு. இன்றைக்கு அங்கே சிரி போர்ட் அரங்கமும் ஆசிய விளையாட்டுக் கிராமமும் இருக்கின்றன. மதுரைப் பாகன் பேச்சுக்குப் பழகின யானை ஒன்று அந்தக் குளிரில், புரியாத பாஷையில் அதட்டுகிற ஆட்களுக்கு நடுவில் நின்றிருக்கும், இல்லையா? என் கதையில் ஜனவரி மூடுபனி ராத்திரியில் அது இன்னும் அங்கே நடக்கிறது. நில் என்று தமிழில் சொன்னால் நிற்கும். ஆர்.கே.புரம் மலை மந்திரில் 1973-இலிருந்து சுவாமிநாதன் இருக்கிறார், அப்பனுக்கே பொருள் சொன்னவர், படிக்கத் தெரியாத தூண்காரர் ஒருநாள் அவரிடம்தான் போகப்போகிறார். கையில் பிராதோடு.

ஆனால் என் கதையின் நடு முடிச்சு யானையும் இல்லை, தூணும் இல்லை. கோட்லாவில் இந்த வழிபாட்டுக்குக் கூட்டம் வரத் தொடங்கியது 1977-இல், நெருக்கடி நிலை முடிந்த கொஞ்ச மாதத்தில் என்று ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரலில், அங்கிருந்து நடக்கிற தூரத்தில், துர்க்மான் கேட்டில் வீடுகளை புல்டோசர் வைத்து இடித்தார்கள், ஜனங்களை யமுனைக்கு அந்தப் பக்கமும் ஊர் ஓரத்திலும் கொண்டுபோய் விட்டார்கள். அப்படி வீடு போன ஒரு பெண் வியாழக்கிழமை கோட்லாவுக்கு வந்து, பேனா கடன் வாங்கி, தாளை எடுத்து முதல் வரி எழுதப்போகிறாள். முகவரி. எதை எழுதுவாள்? பெயர்கூட இன்னும் வைக்காத புதுக் குடியிருப்பையா, இடித்துத் தரையாக்கின பழைய தெருவையா? பழையதைத்தான் எழுதுகிறாள், வீட்டு எண்ணோடு. அன்றைக்கு ராத்திரி ஜின் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறது, செங்கல் தூளில் நின்றுகொண்டு கதவைத் தேடுகிறது. நான் எழுதி முடித்திருப்பது இவ்வளவுதான்.