உண்டியல் காசு நாட்டுக்குள் வந்ததா?

வணக்கம் உறவுகளே. நான் நிற்பது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி. இரண்டு பக்கமும் நகைக்கடை, ஓட்டோச் சத்தம் கொஞ்சம் கூடத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு உண்டியலைப் பற்றிக் கதைப்போம். கோயில் உண்டியல் இல்லை! லண்டனில் சித்தப்பா ஒருவரிடம் பவுண்ஸைக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் இங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அம்மாவின் கையில் ரூபாவை எண்ணி வைத்துவிட்டுப் போவார். யுத்த காலத்தில் இது இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அதனால் அம்மாமாரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கவனியுங்கள், பவுண்ஸ் லண்டனிலேயே நின்றுவிட்டது. அது யாருக்கு? இங்கே ரூபா போட்டவருக்கு. அவர் ஓர் இறக்குமதிக்காரர் என்று வையுங்கள். பத்தாயிரம் டொலர் சாமானுக்கு ஆறாயிரம் என்று பில் காட்டினால் சுங்கத்தில் வரி குறையும். மிச்ச நாலாயிரத்தை வங்கியால் அனுப்ப முடியாது, கணக்கு இடிக்கும். அதைக் கட்டத்தான் சித்தப்பாவின் பவுண்ஸ். நாட்டுக்கு டொலரும் இல்லை, வரியும் இல்லை.

இன்னொரு கூட்டம் மறுவளமாகச் செய்யும். பில்லைக் கூட்டிப் போட்டு, வங்கியிலிருந்தே டொலரை வெளியே எடுத்து அங்கேயே பதுக்கிவிடும். எனக்கு உண்மையில் கோபம் இவர்களில்தான்.

2021இல் இலங்கை அரசாங்கம் டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகத் தந்தார்கள். யார் வங்கிக்குப் போவார்? 2020இல் வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பி வங்கி வழியாக வந்தது ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர். 2022இல் 3.8. எல்லாமே உண்டியலுக்குப் போனது என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய பங்கு போனது. அந்த ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த வருடம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. இந்த வீதக் கணக்கு இங்கே மீனவர் வாழும் குருநகரில் எப்படித் தெரிந்தது என்றால், மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன.

நானும் பெற்றோல் செட்டில் இரவு முழுக்க வரிசையில் நின்றேன். பொக்கெற்றில் காசு இருந்தது, சித்தப்பா அனுப்பியதுதான். விடிய ஒருவர் வந்து சொன்னார்: “கப்பல் கொழும்பில் நிற்குதாம், இறக்க டொலர் இல்லையாம்.”